சோழியும் ஆமையும்

கைமடி என்று திருப்பூரில் ஒரு வேலை உண்டு. அகராதியைப் புரட்டிப் பயனில்லை. பனியன் கம்பெனிக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும். தையல் யந்திரத்தில் டெய்லர் உட்கார்ந்து துணியை ஓட்டிக்கொண்டே போவார். பக்கத்தில் ஒருவர் நின்று அடுத்த துண்டை எடுத்துக் கொடுப்பார். ஓரத்தை மடித்துப் பிடிப்பார். தைத்து விழுந்ததைப் பிரித்து அடுக்குவார். அவர்தான் கைமடி. யந்திரத்தின் வேகம் எதுவோ அதுவே அவர் கையின் வேகம். யோசனை செய்ய அங்கே இடமும் இல்லை, அவகாசமும் இல்லை.

ஒரு காலத்தில் இந்த வேலையில் பத்து வயதும் பன்னிரண்டு வயதுமான பிள்ளைகள் நின்றார்கள். 2016-ல் சட்டத்தைத் திருத்தி, பதினாலு வயது நிரம்பாதவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்றார்கள். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகக் கை கொடுப்பதற்கு ஒரு சந்து விட்டு வைத்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று ஊர் தீர்மானித்ததும் அடுத்த ஆசை பிறந்துவிட்டது. கம்ப்யூட்டர் படிக்க வேண்டும்! கம்ப்யூட்டர் படித்தால் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பில் போடலாம், கணக்கு ஏற்றலாம், பாட்டர்ன் வரையலாம். நியாயமான ஆசைதான். வெயிலில் நின்ற தகப்பனுக்குத்தான் நிழலின் அருமை தெரியும்.

ஆனால், எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று மட்டும் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினால் அது என்ன படிப்பு? அதுவும் கைமடிதான், நாற்காலி போட்ட கைமடி. ஆகவே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் முதல் பாடமாக எதைச் சொல்லுவது என்பது சில்லறை விஷயமல்ல. அந்தப் பிள்ளை கட்டளைக்குக் கீழ்ப்படியப் போகிறதா, கட்டளை இடப் போகிறதா என்பது அங்கே நிச்சயமாகிவிடுகிறது.

இது ஏதோ நேற்று முளைத்த வழக்கு என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஊர்த் திண்ணைகளில் இருநூறு வருஷத்துக்கு முன்பே இது இருந்தது.

1822-ல் சென்னை ராஜதானியின் கவர்னர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். திருப்பூர் அப்போது கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்த சிறிய கிராமம். அந்த ஜில்லாவின் கலெக்டர் ஜான் சல்லிவன். உதகமண்டலத்தை உண்டாக்கியவர் என்று நாம் படித்திருக்கிறோமே, அவரேதான். அவர் அனுப்பிய கணக்கில் 763 பள்ளிகள். எட்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள். பள்ளிக்கு ஏறத்தாழ பதினொரு பேர். கட்டடம், மேஜை, நாற்காலி, மணி ஒன்றும் கிடையாது. ஒரு திண்ணை, ஓர் உபாத்தியாயர், தரையில் பரப்பிய மணல். அவ்வளவுதான்.

அந்த மணலில் பிள்ளைகள் படித்த கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எண்சுவடி என்று அதற்குப் பெயர். இன்றைய வாய்பாட்டுப் புத்தகத்தை நினைத்துக்கொண்டு அதை எடைபோட முடியாது. ஒன்று, இரண்டு என்று மேலே போவது பாதிதான். கீழே இறங்குவதுதான் அதன் விசேஷம். அரை, கால், அரைக்கால், மாகாணி. அப்புறம் மா, காணி, அரைக்காணி, முந்திரி. முந்திரி என்பது ஒன்றில் 320-ல் ஒரு பங்கு. அந்த முந்திரியையும் 320 கூறாக்கினால் கீழ்முந்திரி. அதாவது 1,02,400-ல் ஒரு பங்கு! இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்கலாம். நெல் அளக்கவும் பொன் நிறுக்கவும் நிலம் குழி போடவும் எல்லாவற்றுக்கும் இந்தப் பின்னங்கள்தாம். நெல்லிலக்கம், பொன்னிலக்கம், குழிமாத்து என்று தனித்தனிச் சுவடிகள். ஐந்து வயதில் ஆரம்பித்தவன் சில வருஷங்களில் அத்தனையையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு திண்ணையை விட்டு இறங்குவான்.

ஒரு விஷயம் எனக்கு வெகுநாளாக வியப்பு. ஒவ்வொரு வாய்பாட்டையும் சொல்லி முடித்ததும், அதில் வந்த விடைகளையெல்லாம் கூட்டினால் என்ன தொகை வரும் என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்வார்களாம். ஏழாம் வாய்பாட்டைப் பத்து வரை சொன்னால் விடைகளின் கூட்டுத்தொகை 385. நடுவில் எங்காவது தவறிச் சொல்லியிருந்தால் கூட்டுத்தொகை உதைக்கும். பிள்ளை தன் தவற்றைத் தானே கண்டுபிடித்துக் கொள்ளலாம். உபாத்தியாயரின் பிரம்பு தேவையில்லை. (பிரம்பு இருந்தது, அது வேறு விஷயம்.) இன்று ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும்போது, எழுத்து ஏதாவது வழியில் சிதைந்ததா என்று பார்க்க இதே தந்திரத்தைத்தான் கையாளுகிறார்கள். எண்களின் தொகையையும் வாலில் கட்டி அனுப்புகிறார்கள். அங்கே கூட்டிப் பார்த்து ஒத்துக்கொள்கிறார்கள்.

இந்தத் திண்ணையைக் கண்டு சொக்கிப்போன வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். 1789-லிருந்து சென்னை எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்கான விடுதியை மேற்பார்த்து வந்தார். ஒருநாள் குதிரை மேல் போகும்போது, 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அந்நாளில் வெள்ளைக்காரர் தமிழரை மலபார் என்றே அழைத்தார்கள். விடுதிக்குத் திரும்பித் தம் உதவி ஆசிரியர்களிடம் அதைச் செய்யச் சொன்னார். அவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டுக் கடைசி வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் சொல்லிக் கொடுத்தான். மற்றப் பையன்கள் படித்தார்கள். நம் ஊரில் சட்டாம்பிள்ளை செய்யாத காரியமா? ஆனால் 1797-ல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாகப் போட்டதும் 'சென்னை முறை' என்று அது இங்கிலாந்து முழுதும் பரவிவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் கல்வி! அங்கிருந்த கனவான்களுக்கு அந்தக் 'குறைந்த செலவு'தான் வெகுவாகப் பிடித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

திண்ணையைப் பற்றி இவ்வளவு சொன்னவன் அதன் கீழே நின்றவர்களையும் சொல்ல வேண்டும். திண்ணை மேல் ஏற எல்லாருக்கும் வழி இருக்கவில்லை. பெண் பிள்ளைகள் அபூர்வம். சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் தெருவே அடைப்பு. அவர்கள் அப்பன்மார் களத்தில் நெல்லைத் தூற்றி அளந்து போட்டார்கள். எவ்வளவு அளந்தோம் என்று சொல்லும் கணக்கு இன்னொருவர் நெஞ்சில் இருந்தது. அளவு குறைந்தாலும் கேட்க நாதியில்லை. கணக்குத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவில் உள்ள தூரம் வெறும் படிப்பின் தூரமல்ல. ஒரு கலம் நெல்லின் தூரம்.

இனி சோழிக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு இருபதாம் நூற்றாண்டின் பாதிவரையில் 'கணக்குப் போடுகிற ஆள்' என்பதுதான் பொருள். யந்திரம் பிற்பாடுதான் அந்தப் பெயரை அபகரித்துக்கொண்டது. அந்தப் பழைய பொருளில் பார்த்தால் புதுச்சேரியில் அருமையான கம்ப்யூட்டர்கள் இருந்தார்கள்.

லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானசாஸ்திரி சுக்கிரன் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகப் புதுச்சேரிக்குப் புறப்பட்டு வந்தார். 1761-ல் அவர் கப்பல் வந்து சேருமுன் ஊர் இங்கிலீஷ்காரர் கைக்குப் போய்விட்டது. எட்டு வருஷம் கீழ்த்திசைக் கடல்களிலேயே காத்திருந்து 1769-ல் புதுச்சேரியில் தூரதிருஷ்டியை நிறுத்தி வைத்தார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது! இப்படிப்பட்ட துரதிர்ஷ்டசாலியைக் கதையில் எழுதினால் மிகையென்று வாசகர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. தமிழர் ஒருவரிடம் பாடம் கேட்டார். கிரகணக் கணக்கை அவர் சோழிகளைத் தரையில் நகர்த்தி நகர்த்தியே போட்டார். 1765 ஆகஸ்டு 30-ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அந்த முறையில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். கிரகணம் நீடித்த காலத்தில் 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் அப்போது பேர்போன மேயரின் அட்டவணைப்படி போட்டாலோ 68 விநாடி கூடியது.

அரை நூற்றாண்டு கழித்து ஜான் வாரன் என்பவர் அதே புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடித்தார். அவரும் சோழிகளைப் பரப்பினார். வேண்டிய அட்டவணைகளெல்லாம் எழுத்துக்களாகவும் வாக்கியங்களாகவும் மாற்றப்பட்டு அவர் நினைவில் இருந்தன, ஏட்டைப் புரட்டவில்லை. 1825 மே 31, ஜூன் 1 இரவில் வரவிருந்த கிரகணத்தைக் கணித்துச் சொன்னார். ஆரம்பம் நாலே நிமிஷம் பிசகு. நடு இருபத்து மூன்று நிமிஷம். முடிவு ஐம்பத்திரண்டு நிமிஷம். வாரன் தம் 'காலசங்கலித' நூலில் இதை எழுதிவைத்து, இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். இந்த மனிதருக்கு அபாரமான ஞாபகசக்தி உண்டு; ஆனால் தாம் செய்யும் கணக்குக்கு அடியில் இருக்கும் வானசாஸ்திரம் ஒரு வார்த்தைகூட விளங்காது என்பது அவர் முடிவு.

இதைப் படித்தபோது முதலில் எனக்குப் பெருமை பொங்கியது. சற்றுப் பொறுத்து வருத்தமாக இருந்தது. ஏன் இந்தச் சோழி இங்கே போகிறது என்று தெரியாமலே ஒரு மனிதர் கிரகணத்தைச் சொல்லிவிடுகிறார்! எப்பேர்ப்பட்ட முறை அது! யாரோ ஒரு மகா புத்திசாலி அதை அப்படி அமைத்து வைத்திருக்க வேண்டும். அடுத்து வந்தவர்கள் அதை ஓட்டினார்கள். நடுவில் நிமிஷங்கள் பிசகியபோது எங்கே பிசகியது, எதைத் திருத்த வேண்டும் என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய வழியில்லை. அமைத்தவருக்கு அது தெரிந்திருக்கும். அவர் எப்போதோ போய்விட்டார். பிள்ளைக்கு நாம் கொடுக்கும் முதல் பாடம் அவனை எவ்விடத்தில் நிறுத்துகிறது, அமைத்தவர் பக்கத்திலா, ஓட்டுகிறவர் பக்கத்திலா என்று நான் கேட்பதன் காரணம் இதுதான்.

கொங்கு நாட்டில் இதை விளக்க உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. சென்னிமலையில் ஜமுக்காளமும் படுக்கை விரிப்பும் நெய்கிற தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கும். அட்டையில் ஓட்டை இருந்தால் அந்த இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பூவும் மயிலும் எல்லாம் அந்த 'உண்டு, இல்லை'யில் அடக்கம். பிரான்சு தேசத்து ஜக்கார்டு 1804-ல் முடித்துக் கொடுத்த யந்திரம் இது. அவருடைய உருவத்தையே 24,000 அட்டைகளால் பட்டில் நெய்தார்கள். சார்லஸ் பாபேஜ் அந்தப் படம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். தாம் கட்ட நினைத்த கணக்கு யந்திரத்துக்கும் அவர் அட்டைகளையே உத்தேசித்தார். 1843-ல் ஏடா லவ்லேஸ் அம்மையார் அந்த யந்திரத்தைப் பற்றி எழுதும்போது, தறி பூ நெய்வது போல் இது கணக்கை நெய்யும் என்ற பொருளில் சொன்னார். யந்திரம் கடைசிவரை கட்டி முடியவில்லை. அம்மையார் அதற்கு எழுதிய கட்டளைகள் மட்டும் நின்றுவிட்டன.

திருப்பூர் நெசவு ஊரல்ல, பின்னல் ஊர். 1925-ல் குலாம் காதர் என்பவர் இங்கே முதல் பின்னல் கம்பெனியைத் தொடங்கினார் என்று சொல்லுவார்கள். எழுபதுகளின் கடைசியில் ஏற்றுமதி ஆரம்பித்தது. 2009-ல் தனி ஜில்லாவாகவும் ஆகிவிட்டது. பின்னல் யந்திரத்தில் வட்டமாக நிற்கும் ஊசிகளைப் பாருங்கள். ஒவ்வோர் ஊசிக்கும் மூன்றே காரியங்கள். முழுக்க எழும்பி நூலை வாங்கிப் புதுக் கண்ணி போடலாம். பாதி எழும்பிப் பழைய கண்ணியையும் விடாமல் பிடித்துக்கொள்ளலாம். எழும்பாமலே சும்மா இருக்கலாம். பின்னு, பிடி, விடு. இந்த மூன்று கட்டளைகளை எந்த வரிசையில் எந்த ஊசிக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் துணியின் ரகமெல்லாம் இருக்கிறது. அந்த வரிசையைக் கட்டம் போட்ட காகிதத்தில் எழுதுகிறவருக்கு ஒரு சம்பளம். யந்திரத்துக்கு நூல் மாட்டுகிறவருக்கு ஒரு சம்பளம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில்தான் அதைச் சொல்லுவதில்லை.

பிள்ளைகளைக் கட்டளை இடுகிறவர்களாக்கலாம் என்று துணிந்து சொன்னவர் சீமூர் பாபர்ட். தென் ஆப்பிரிக்காவில் 1928-ல் பிறந்தவர். ஜினீவாவில் பியாஜே என்ற குழந்தை மனோதத்துவ மேதையிடம் சில வருஷம் இருந்தார். சின்ன வயதில் மோட்டார் வண்டியின் பல்சக்கரங்களோடு விளையாடியதுதான் தமக்குக் கணக்கைக் கற்றுக் கொடுத்தது என்பது அவர் கட்சி. 1967-ல் அமெரிக்காவில் ஃபாயர்ஸைக், சிந்தியா சாலமன் முதலியவர்களோடு சேர்ந்து 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் பாஷையைப் பிள்ளைகளுக்காகவே உண்டாக்கினார். சில வருஷத்தில் ஓர் ஆமையும் அதோடு சேர்ந்துகொண்டது. முதலில் தரையில் ஊர்கிற யந்திர ஆமை. பிறகு திரையில் ஊர்கிற ஆமை. முன்னே நூறு, வலப்புறம் தொண்ணூறு. இதை நாலு தடவை செய் என்றால் ஆமை ஒரு சதுரம் போடும். தொண்ணூறுக்குப் பதில் எண்பது என்று சொல்லிவிட்டால் சதுரம் கோணிக்கொண்டு முடியாமல் நிற்கும்.

அந்தக் கோணல்தான் முக்கியம். திண்ணையில் தவறு என்றால் பிரம்பு. பள்ளிக்கூடத்தில் தவறு என்றால் சிவப்பு மை. ஆமையிடம் தவறு என்றால் படம் வேறு மாதிரி வருகிறது, அவ்வளவுதான். ஏன் வேறு மாதிரி வந்தது? பிள்ளை எழுந்து நின்று, தானே ஆமையாகி, நாலு அடி நடந்து திரும்பிப் பார்க்கும். 'ஓ, இங்கே திரும்பினது போதவில்லை' என்று கண்டுபிடிக்கும். கம்ப்யூட்டரைக் கொண்டு பிள்ளையை ஓட்டுகிறார்கள், பிள்ளை அல்லவா கம்ப்யூட்டரை ஓட்ட வேண்டும் என்று பாபர்ட் 1980-ல் எழுதிய புத்தகத்தில் வாதாடினார்.

நம் தேசத்தில் என்ன நடந்தது? 1984-ல் இந்திய சர்க்கார் சுமார் 250 பள்ளிகளில் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. பிரிட்டனிலிருந்து பி.பி.சி. மைக்ரோ என்ற கம்ப்யூட்டர்கள் வந்தன. நல்ல யந்திரங்கள், அந்த ஊர்ப் பிள்ளைகள் அவற்றைத் தட்டித் தட்டியே பெரிய ஆட்களானார்கள். இங்கே வந்ததும் அவற்றுக்கு ஒரு கர்ப்பக்கிருகம் கட்டினோம். குளிர்சாதன அறை, கண்ணாடிக் கதவு, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், யந்திரத்துக்குத் துணிப் போர்வை. பக்தி இருந்தது, பழக்கம் ஏற்படவில்லை. போர்வையை விலக்கி தரிசனம் செய்துவிட்டு வந்த பிள்ளைகள் அதன் பாகங்களின் பெயர்களைப் பரீட்சையில் எழுதினார்கள். தொடக்கூடாததை எப்படிக் கற்றுக்கொள்வது? நீச்சல் பாடத்தைக் கரும்பலகையில் நடத்திய மாதிரிதான்.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் உண்டு. யந்திரமே வேண்டாம் என்கிற வழி. நியூஸிலாந்தைச் சேர்ந்த டிம் பெல், இயன் விட்டன், அமெரிக்கரான மைக் ஃபெலோஸ் மூவரும் தொண்ணூறுகளில் இதை வகுத்தார்கள். (அந்த பெல்லுக்கும் நம் எழும்பூர் பெல்லுக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் பொருத்தம்தான்.) சாக்கட்டியால் தரையில் கோடு போட்டுப் பிள்ளைகளை அதன்மேல் நடக்க விடுவார்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு பேர் எதிர்ப்பட்டு, கையிலுள்ள எண்ணில் சிறியவன் இடது பக்கம், பெரியவன் வலது பக்கம் போக வேண்டும். கடைசியில் வந்து நிற்கும்போது எல்லாரும் தாமாகவே வரிசையாகி நிற்பார்கள். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள், பிறகு 'எப்படி?' என்று கேட்பார்கள். அந்தக் 'எப்படி'க்காகத்தான் இத்தனையும்.

அவர்களுடைய இன்னொரு விளையாட்டில் ஐந்து அட்டைகள். ஒன்றில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அப்புறம் நாலு, எட்டு, பதினாறு. எந்த அட்டையைத் திறப்பது, எதைக் கவிழ்ப்பது என்று பார்த்து 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். கம்ப்யூட்டர் எண்களை வைத்திருப்பது இப்படித்தான். இதைப் படித்ததும் எனக்குப் பாட்டி வீட்டு அரிசிப் பானை ஞாபகம் வந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. ஆழாக்குக் கணக்கில் சொன்னால் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு! பதினொரு ஆழாக்கு அரிசி வேண்டுமென்றால் நாழியில் ஒன்று, உழக்கில் ஒன்று, ஆழாக்கில் ஒன்று. உரியைத் தொட வேண்டாம். எந்தப் பாத்திரத்தையும் ஒரு தடவைக்கு மேல் முகக்க வேண்டிய அவசியமே வராது. ஒன்று உண்டு, இல்லையேல் இல்லை. எட்டு நாழி ஒரு குறுணி என்று அது தாவிவிடுகிறது. பதக்கும் தூணியும் திரும்பவும் இரட்டித்து வர, கலம் மூன்று தூணியாகி வந்து கணக்கைக் கெடுக்கிறது. கெடுத்தால் கெடுக்கட்டும், முதல் பாடத்துக்கு நாழிவரை போதாதா? அரிசி வாங்குகிற வீட்டுப் பிள்ளைக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டுப் பாடப் புத்தகங்களில் இந்தக் காற்று வீசாமல் இல்லை. 2018-ல் ஆறாம் வகுப்புக்கும் மறு வருஷம் ஏழு, எட்டு வகுப்புகளுக்கும் வந்த கணக்குப் புத்தகங்களில் 'தகவல் செயலாக்கம்' என்று ஓர் இயல் சேர்ந்தது. கம்ப்யூட்டர் தேவையில்லாத கம்ப்யூட்டர் பாடம். தேசப் படத்துக்கு எத்தனை வர்ணம் போதும், ரகசிய எழுத்தில் கடிதம் எழுதுவது எப்படி என்றெல்லாம் எட்டாம் வகுப்பில் வரும். அழகான பாடம். ஆனால் வைத்த இடம் புத்தகத்தின் கடைசி. கடைசிப் பாடத்தின் கதி என்னவென்று பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரியும்.

பாஷையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முத்தையா அண்ணாமலை என்ற தமிழர் இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருஷத்தில் 'எழில்' என்று ஒரு கம்ப்யூட்டர் பாஷையை அமைத்தார். இங்கிலீஷ் தெரியாத பிள்ளையும் கட்டளை எழுதலாம். 'பதிப்பி' என்றால் திரையில் பதிப்பிக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்தது 'ஆனால்' வருகிற இடம். இங்கிலீஷில் 'இஃப்' என்று முதலில் போட்டுவிட்டு நிபந்தனையைப் பின்னால் சொல்லுவார்கள். எழிலில் நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால். நாம் பேசுகிறபடியே இருக்கிறது! வார்த்தையை மாற்றுவது யாராலும் ஆகும். வாக்கியத்தின் நடையை மாற்றியதுதான் காரியம்.

தாய்மொழியில் கட்டளையிட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் இருந்தது, சென்ற வருஷம் அவிநாசிச் சாலைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அரை நாள் உட்காரும் வரையில். ஆறாம் வகுப்பு. பின்வரிசையில் ஐந்தாறு பிள்ளைகள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். பெற்றோர் பனியன் கம்பெனிகளில் வேலை. அவர்களுக்குத் தமிழே அயல்மொழி.

உபாத்தியாயர் ஒரு பனியனை மேஜைமேல் விரித்தார். "நான் இப்ப மெஷினு. எனக்கு ஒண்ணுமே தெரியாது. சொன்னதை மட்டுந்தான் செய்வேன். இந்தப் பனியனை மடிக்கச் சொல்லுங்க பார்க்கலாம்" என்றார்.

"மடிங்க சார்!" என்று வகுப்பே கத்தியது. அவர் அசையவில்லை. "கையை மடிங்க சார்!" என்றான் ஒருவன். அவர் தம் கையை மடித்துக்கொண்டு நின்றார். ஒரே சிரிப்பு. அப்புறம் காகிதம் கொடுத்து எழுதச் சொன்னார். ஒரு பெண் ஏழு வரி எழுதிக் கொண்டு வந்தாள். அவர் வரி வரியாகப் படித்து அப்படியே செய்தார். முடிவில் ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் வெட்கப்படவில்லை. "அஞ்சாவதுங்க சார், அங்கதான்!" என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் அடித்துத் திருத்தினாள்.

பின்வரிசைப் பையன் ஒருவன் எழுதவே இல்லை. வரைந்தான். பனியனைப் போல் ஒரு சின்னப் படம். அதன்மேல் ஓர் அம்பு. அடுத்து மடிந்த படம், இன்னோர் அம்பு. ஆறு படம். அவன் அம்மா பேக்கிங்கில் இருக்கிறாளாம். நாள் முழுதும் மடிப்பதை அவன் பார்த்திருக்கிறான். உபாத்தியாயர் அந்த அம்புகளின்படி மடித்தார். பனியன் கடைக்குப் போகிற மாதிரி சதுரமாக வந்து நின்றது. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு மற்றப் பிள்ளைகளும் காகிதத்தைத் திருப்பி அம்பு போட ஆரம்பித்தார்கள்.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. நடுவில் ஓரிடத்தில் பனியனை அப்படியே கவிழ்த்துப் போட வேண்டும். அதை எந்த அம்பால் காட்டுவது? அந்தப் பையன் ஒரு சுழி போட்டிருந்தான். சுழி என்றால் சுற்றுவது என்றுதான் அர்த்தமாகும், பெருக்கல் குறி போட வேண்டும் என்றாள் அந்தப் பெண். வேறொருவன் இரண்டும் வேண்டாம், பனியனின் முதுகைக் கறுப்பாக அடித்துக் காட்டலாம் என்றான். தமிழும் ஹிந்தியும் கைச்சாடையுமாக மூன்று கட்சி கட்டிக்கொண்டு விவாதம் நடந்தது. உபாத்தியாயர் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார். தாம் வெறும் மெஷின் என்றார். சாப்பாட்டு மணி அடித்து மற்ற வகுப்புகள் தட்டோடு வெளியே ஓடியபோதும் அந்தச் சண்டை தீரவில்லை.